மிஸ்ட்ரல் எழுத்துருவுடன் 12 ஆண்டுகள்

பெயர்ப்பலகை வடிவமைக்கும் தொழிலுக்கு வந்த நாள்முதல், ஏறத்தாழ 12 ஆண்டுகளாக மிஸ்ட்ரல் என்ற கையெழுத்துப் பாணி ஆங்கில எழுத்துருவைப் பயன்படுத்தி வருகிறேன். மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸுடன் பல கணினிகளுக்கு வந்துவிடுவதால் இதைப் பலரும் அறிவார்கள். ஆனால் இது கணினிக்காகப் பிறந்ததன்று. பிரான்சின் மார்செய் நகரிலிருந்த ஒலிவ் என்ற அச்செழுத்து வார்ப்பகத்துக்காக வடிவமைப்பாளர் ரோஜே எக்ஸ்கோஃபோன் தம் கையெழுத்தையே அடிப்படையாகக் கொண்டு வரைந்த இது, 1953இல் ஈய அச்செழுத்தாக வெளிவந்தது. அந்நாட்டின் ரோன் பள்ளத்தாக்கின் வழியே கடலை நோக்கி வீசும் கடுங்குளிர்காற்றின் பெயர் இதற்கு நன்றாகவே பொருந்துகிறது.

தனித்தனி ஈயத் துண்டுகளில் வார்த்த எழுத்துகளை எந்த வரிசையில் கோத்தாலும், ஒன்றின் வால் அடுத்ததன் தொடக்கத்தைச் சரியாகத் தொட வேண்டும். அதே வேளையில் அவை மேலும் கீழுமாகத் துள்ளி ஓடுவதுபோலவும் தோன்ற வேண்டும். இந்த இரண்டையும் ஒருசேரச் சாதித்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. இரண்டடி உயரத்துக்குப் பெரிதாக்கினால், மை வற்றிய தூரிகையை இழுத்ததுபோன்ற சொரசொரப்பு ஓரங்களில் தெளிவாகத் தெரியும். விசிட்டிங் கார்டின் முகவரி வரியில் அதே சொரசொரப்பு வெறும் அழுக்காகிவிடும் என்பதால், அங்கே நான் இதை வைப்பதே இல்லை.

எழுத்துகளின் இடைவெளியைச் சற்றே கூட்டினாலும் இணைப்புகள் அறுந்துவிடும். முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் (கேப்பிட்டல்) அமைத்தால் ஒன்றோடொன்று சேராத கிறுக்கல்களே மிஞ்சும். ஒருமுறை அடுமனை ஒன்றின் கண்ணாடிக்கு வினைல் ஸ்டிக்கர் வெட்டியபோது, கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளில் எழுத்துகளை ஒரே உருவாக இணைக்க மறந்துவிட்டேன். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடங்களிலெல்லாம் வெட்டும் இயந்திரத்தின் கத்தி குறுக்கே கீறிவிட்டதால், முழு ஸ்டிக்கரையும் மறுபடி வெட்ட நேர்ந்தது. ஒரே எழுத்து இரட்டித்து வரும் சொற்களிலும் கவனம் வேண்டும். இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோலிருந்தால் கையெழுத்து என்ற மயக்கம் அங்கேயே கலைந்துவிடும். அவற்றில் ஒன்றன் வளைவை மட்டும் நான் சிறிது இழுத்து மாற்றிவிடுவேன்.

காபிக்கடை, அடுமனை, துணிக்கடை ஆகியவற்றின் பெயருக்கு, அதுவும் இரண்டு மூன்று சொற்களுக்குள், இது அருமையாக அமையும். மருத்துவமனைப் பலகைக்குக் கேட்டவர்களிடம் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறேன்.

இதில் தமிழ் எழுத்துகள் இல்லை. தொடக்கத்தில் பக்கத்திலேயே ஒரு தூரிகைத் தமிழ் எழுத்துருவை வைத்துப் பார்த்தேன். இரண்டு கையெழுத்துகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. தமிழகக் கடைப் பலகைகளில் தமிழே முதன்மையாக இருக்க வேண்டும் என்பதால், இப்போது தமிழ்ப் பெயரை நிமிர்ந்த, தடித்த எழுத்தில் மேலே பெரிதாக அமைத்து, மிஸ்ட்ரலில் ஆங்கிலப் பெயரை அதன் கீழே ஒற்றை வரியாக ஓடவிடுகிறேன்.