ஸ்கெட்ச்அப் மேக் 2017: அம்மாவின் உயரத்தில் நின்று பார்த்த குசினி

இலங்கையில் இந்திய அரசின் உதவியோடு நடந்த வீட்டுத்திட்டத்தில் கிடைத்த எங்கள் 550 சதுர அடி வீட்டின் வடக்குப் பக்கம் பத்தி இறக்கிக் குசினி கட்டத் தீர்மானித்தோம். கீறுவித்த பிளானை அம்மா இரண்டு நாள் கையில் வைத்துப் பார்த்தார். கோடுகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை என்று திருப்பித் தந்துவிட்டார். அதனால்தான் முப்பரிமாணத்தில் வரையும் மென்பொருளான ஸ்கெட்ச்அப்பில் வீட்டைக் கட்டிக் காட்ட முனைந்தேன்.

நான் பயன்படுத்துவது அதன் மேக் (Make) 2017 பதிப்பு. கணினியில் நிறுவி இயக்கும் இலவசப் பதிப்புகளில் அதுவே கடைசி. சொந்தத் தேவைக்கு மட்டுமே அனுமதி. சிக்னல் வந்து வந்து போகும் எங்கள் பக்கத்தில் இணையம் இல்லாமல் இயங்குவதே எனக்குப் பெரிய உதவி. சில்லு வைத்த மவுஸ் கட்டாயம் வேண்டும். சில்லை அழுத்தி அசைத்தால் வீடு கையிலெடுத்த பெட்டிபோலச் சுழலும்.

ஆனால் மேலிருந்து பார்க்கும்போது எந்த வீடும் அழகுதான். உள்ளே இறங்கிப் பார்க்க வேண்டும். கமராவை நிலத்தில் நிறுத்தும் கருவி கண்மட்டத்தை 5 அடி 6 அங்குலமாக எடுத்துக்கொள்கிறது. அம்மாவின் முழு உயரமே 4 அடி 10 அங்குலம். கண்மட்டத்தை 4 அடி 6 அங்குலம் என்று தட்டி, அடுப்படியில் நிறுத்தினேன். 4 அடி உயரத்தில் தொடங்கும் யன்னலால் வேலியும் வானமும் தெரிந்தன, கோழிக்கூடு தெரியவில்லை. அம்மா அதை உடனே கண்டுபிடித்தார். யன்னலை 3 அடிக்கு இறக்கினோம்.

சின்ன அறைக்குள் கமராவின் வழமையான 35 பாகைப் பார்வைக் கோணம் போதாது, சுவர்தான் முகத்தில் முட்டும். 60 ஆக்கினால் அறை முழுதாகத் தெரியும், ஆனால் உள்ளதைவிடப் பெரிதாகவும் தோன்றும். அதை நம்பிக் கட்டில் வாங்கிவிடாதீர்கள்.

நிழல் காட்டும் வசதிக்காகவே இந்த மென்பொருளை எல்லோருக்கும் சொல்வேன். இடம் குறிக்காத மாதிரிக்கு மென்பொருள் பிறந்த ஊரான அமெரிக்காவின் போல்டர் நகரத்து வெயிலே விழும். அங்கே நண்பகல் வெயில் ஆண்டு முழுவதும் தெற்கிலிருந்துதான். எங்கள் வடக்கு யன்னல் நிழலில் இருப்பதாகக் காட்டியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. அகலாங்கு 9.4 வடக்கு, நெட்டாங்கு 80.4 கிழக்கு என்று நானே எழுதி, நேர வலயத்தை 5.30 ஆக்கி, ஜூன் 21, மாலை 4 மணி என்று வைத்தேன். வெயில் யன்னலால் நேரே அடுப்படிக்குள் இறங்கியது. ஆனியில் சூரியன் எங்கள் தலைக்கு வடக்கே நிற்பதை அம்மா அறிவார். அந்தப் பிளானைக் கீறியவர் நினைக்கவில்லை. தாழ்வாரத்தை ஒன்றரை அடியிலிருந்து 3 அடிக்கு நீட்டியதும், 3 அடிக்கு இறக்கிய யன்னலும் முழுதாக நிழலுக்குள் வந்தது.

குறைகளும் உண்டு. கட்டளைகள் தமிழில் இல்லை. தரவிறக்கிய மரங்களை வளவில் நட்டால் 4 ஜிபி மடிக்கணினி திணறுகிறது; நான் பனைகளை வெறும் தூண்களாக வைத்தேன். மழையை அது அறியாது. கார்த்திகையில் வாடைக் காற்றோடு வரும் சாரல் விறாந்தையில் எவ்வளவு தூரம் நனைக்கும் என்பதை அம்மாவிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. நாலு அடி என்றார். கதவை அதற்கப்பால் தள்ளிவைத்தேன்.

மேசனுக்குப் படங்களை அச்சிட்டுக் கொடுத்தோம். ஆவணியில் அத்திவாரம் வெட்டினார்.