சென்னையில் ஒரு குயர் சந்திப்புக் குழு: போகலாமா?

குயர், அதாவது பாலீர்ப்பிலோ பாலின அடையாளத்திலோ பெரும்பான்மையிலிருந்து வேறுபட்டவர்கள், கூடிப் பேசும் இடம் இது. கட்டணம் கிடையாது, நிஜப் பெயர் சொல்ல வேண்டியதில்லை, உள்ளே நுழைந்ததும் டீயும் மிக்சரும் கைக்கு வந்துவிடுகிறது. பேச விருப்பமிருந்தால் பேசலாம், இல்லையென்றால் சும்மா கேட்டுக்கொண்டிருக்கலாம். மனநல ஆலோசகர் யாரும் நடத்துவதில்லை, அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

வீட்டில் 'எப்போ கல்யாணம்?' என்றும் ஆபீஸில் 'லீவில் யாரோடு போனே?' என்றும் கேட்டால் நொடியில் ஒரு பொய்யைத் தயார் செய்வோமே, அப்படி எந்நேரமும் உஷாராக, மறைத்தே வாழ்வதும் நம் மனநலத்தை அரிக்கிறது என்று ஆய்வாளர் ஐலன் மேயர் 2003இல் எழுதினார். நம்மைப் போன்றவர்களின் துணை அதைத் தாங்க உதவும் என்றும் சொன்னார். இங்கே அந்தப் பொய்க்கு வேலையே இல்லை. ஒருபாலுறவைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 377 பற்றிய 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2021இல் பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைக்கு எதிரான சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு எல்லாம் பெரிய விஷயம், சரி, ஆனால் தீர்ப்பு வந்து அம்மாவிடம் பேசப்போவதில்லையே! தன் அம்மாவிடம் தான் பேசிய கதையை ஐம்பது வயதுக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்ல, அதுவரை போனையே நோண்டிக்கொண்டிருந்த கல்லூரிப் பையன் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

அப்புறம் குறைகள். மாடியில் நடக்கிறது, லிஃப்ட் இல்லை. சக்கர நாற்காலியில் வருபவர் என்ன செய்வார்? பெண்கள் வருகையும் குறைவு. என் மதிப்பெண்: ஐந்துக்கு நான்கு.