டிஜிட்டல் மருத்துவத்தில் பணம் போட: அன்லிஸ்டட் பங்கா, சந்தைப் பங்கா?

2021 அக்டோபரில், ஒரே வாரத்தில், இரண்டு இடங்களில் பணம் போட்டேன். ஒன்று, இன்னும் பங்குச் சந்தைக்கு வராத ஒரு ஹெல்த்-டெக் நிறுவனத்தின் அன்லிஸ்டட் பங்கு. 300 பங்குகள், ஒன்று ரூ. 640. மொத்தம் ரூ. 1,92,000. இன்னொன்று, சந்தையில் இருக்கும் அப்போலோ ஹாஸ்பிடல்ஸ் பங்கு, ஏறக்குறைய ரூ. 1,50,000-க்கு. இரண்டையும் வாங்கி, வைத்திருந்து, விற்றும் பார்த்துவிட்டதால்தான் ஒப்பிட்டு எழுதத் துணிகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சந்தைப் பங்கு. காரணம் லாபம் அல்ல, விற்க முடிவது.

இந்தத் துறையில் ஏன் ஆசை வந்தது என்றால், என் வேலையே அதுதான். அம்பத்தூரில் அமெரிக்க மருத்துவமனைகளுக்கு மெடிக்கல் பில்லிங் செய்யும் அலுவலகத்தில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். வீடியோவில் டாக்டரைப் பார்த்தால் பில்லில் 95 என்று ஒரு மாடிஃபையர், அதாவது பார்த்த விதத்தைச் சொல்லும் குறியீடு, போடுவோம். 2020 மார்ச்சுக்கு முன்னால் அதை எப்போதாவதுதான் பார்ப்பேன். கொரோனா வந்து, அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் தொலைமருத்துவத்துக்குக் கதவைத் திறந்துவிட்டதும், என் திரையில் வரும் பில்லில் எல்லாம் 95. இங்கேயும் அதே மாதம் 25-ஆம் தேதி தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் வந்தன. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் நாடு முழுவதும் தொடங்கியது, மருத்துவப் பதிவுகளை இணைக்க ஆளுக்கு ஒரு 14 இலக்க ஆபா எண் என்றார்கள். ரிலையன்ஸ் நம் சென்னையின் ஆன்லைன் மருந்துக் கடையான நெட்மெட்ஸில் பெரும்பங்கை ரூ. 620 கோடி சொச்சத்துக்கு வாங்கியது 2020-ல். அதே வகைக் கடையான 1எம்ஜியை டாட்டா வாங்கியது 2021-ல். இவ்வளவையும் பார்த்துக்கொண்டு கை சும்மா இருக்குமா?

வேறு வழிகளும் இருந்தன. ஸ்டார்ட்அப்பில் நேரடியாக ஏஞ்சல் முதலீடு என்பது என் வருமானத்துக்கு எட்டாதது, அதை விட்டுவிடுகிறேன். மியூச்சுவல் ஃபண்டில் ஃபார்மா, ஹெல்த்கேர் ஃபண்டுகள் உண்டு. எட்டு மாதமாக ஒன்றில் மாதத் தவணையாக எஸ்ஐபி போடுகிறேன், அவ்வளவுதான் என் அனுபவம். அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கவனித்தேன். நிஃப்டி ஹெல்த்கேர் குறியீட்டில் உள்ள 20 நிறுவனங்களில் அதிக எடை சன் ஃபார்மாவுக்கு. அந்த ஃபண்டுகளில் மாத்திரையும் மருத்துவமனையும்தான் நிறைய, டிஜிட்டல் என்று நாம் நினைப்பது ஓரத்தில் கொஞ்சம். நிம்மதியாகத் தூங்க விரும்புபவருக்கு அது போதும் என்றே நினைக்கிறேன்.

சரி, மீதி இரண்டுக்கு வருவோம். வாங்கும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டும் பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கில்தான் வந்து உட்காரும். இரண்டும் ஏறும், இறங்கும். அன்லிஸ்டட் பங்கு, ஐபிஓ வரும்போது, அதாவது நிறுவனம் முதன்முறையாகச் சந்தைக்கு வரும்போது, பெரிய தாவல் தாவலாம் என்பது உண்மை, அப்படிப் பணம் பார்த்தவர்கள் என் அலுவலகத்திலேயே இருக்கிறார்கள். வித்தியாசமெல்லாம் வெளியே வரும் வாசலில்தான் இருக்கிறது.

2023 ஜூனில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு ரூ. 1,40,000 குறைந்தது. ஒரு வாரம்தான் அவகாசம். செவ்வாய்க்கிழமை காலை, ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே அப்போலோ பங்குகளில் பாதிக்குச் சற்றுக் குறைவாக விற்றேன். அந்த ஆண்டு ஜனவரியிலிருந்து எல்லாப் பங்குகளுக்கும் மறுநாளே கணக்குத் தீரும் முறை வந்திருந்தது. புதன்கிழமை டிரேடிங் கணக்கில், வியாழக்கிழமை வங்கியில், ரூ. 78,000.

அதே செவ்வாய் மதியம் அன்லிஸ்டட் பங்கை எனக்கு விற்ற புரோக்கரைக் கூப்பிட்டேன். "மேடம், இப்ப வாங்க ஆளே இல்ல, பார்த்துச் சொல்றேன்" என்றார். இரண்டு நாள் கழித்து ஒரு விலை சொன்னார்: ரூ. 210. நான் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு. அதே நாளில் இன்னொரு எண்ணிலிருந்து அதே ஆளிடம் என் கணவர் "வாங்கணும், என்ன ரேட்?" என்று கேட்டபோது ரூ. 265 என்றார். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் ரூ. 55 இடைவெளி. சந்தையில் நன்றாகப் புழங்கும் பங்கில் இந்த இடைவெளி பைசாக் கணக்கில் இருக்கும்.

அதற்கும் ஒப்புக்கொண்டேன். ஆனால் வாங்குபவருக்கு 200 பங்குகள்தான் வேண்டுமாம். பிறகு பங்கை இன்னொருவர் கணக்குக்கு மாற்றச் சொல்லும் டிஐஎஸ் சிலிப்பில் கையெழுத்துப் போட்டு முதலில் பங்கை மாற்றிக் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் பணம் என்றார்கள். சந்தையில் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவே கிளியரிங் கார்ப்பரேஷன் நின்று, இரு கைக்கும் பொறுப்பேற்கும். இங்கே நடுவில் நிற்பது ஒரு வாட்ஸ்அப் எண். பங்கு போய், பணம் வராத அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. 19-ஆம் நாள் ரூ. 42,000 வந்தது. அதற்குள் கட்டணத்துக்கான கடைசி நாள் போயிருந்தது. வளையலை வங்கியில் வைத்து ரூ. 62,000 வாங்கித்தான் கட்டினோம்.

விலை இறங்கியதை நான் குறை சொல்லவில்லை. இறங்கக்கூடும் என்று தெரிந்துதான் போட்டேன். ஆனால் இறங்கிய விலைக்கே விற்க முடியாமல் நிற்பது வேறு வகை வலி. புரோக்கர் ஏமாற்றினால் எங்கே போவது என்பதும் அப்போதுதான் மனதில் தட்டியது. சந்தைப் புரோக்கர் மீது, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் கொடுக்கலாம். அன்லிஸ்டட் பங்கு விற்பவர் பலர் அந்த வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். 2024 டிசம்பரில் செபியே, இப்படிப்பட்ட தளங்கள் அங்கீகாரம் பெற்ற சந்தைகள் அல்ல என்று முதலீட்டாளர்களை எச்சரித்தது.

என் ஒருத்தியின் கதையை வைத்து முடிவு கட்ட வேண்டாம். எல்லோரும் அறிந்த ஒன்றைப் பார்ப்போம். கோவை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்த வேலுமணி தொடங்கிய ரத்தப் பரிசோதனை நிறுவனமான தைரோகேர், 2016-ல் சந்தைக்கு வந்த நிறுவனம். 2021 ஜூனில் அதில் 66.1 சதவீதத்தை, பங்கு ரூ. 1,300 வீதம், ரூ. 4,546 கோடிக்கு வாங்குவதாக ஆன்லைன் மருந்துக் கடையான ஃபார்ம்ஈஸி அறிவித்தது. ஃபார்ம்ஈஸியின் தாய் நிறுவனமான ஏபிஐ ஹோல்டிங்ஸ் அந்த நவம்பரிலேயே ரூ. 6,250 கோடி ஐபிஓவுக்கு மனுச் செய்தது. அடுத்த ஆகஸ்டில் மனுவைத் திரும்பப் பெற்றது. 2023-ல் கடனை அடைக்க, முந்தைய மதிப்பைவிட ஏறக்குறைய 90 சதவீதம் குறைத்து, ஒரு பங்கு ரூ. 5 என்று ரைட்ஸ் இஷ்யூ, அதாவது ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்குப் புதுப் பங்கு விற்பது, கொண்டுவந்தது.

இடைப்பட்ட காலத்தில் தைரோகேர் பங்கும் படுவீழ்ச்சி கண்டது. ஆனால் தைரோகேர் வைத்திருந்தவர் எந்த நாள் காலையிலும் விற்றுவிட்டுப் போயிருக்கலாம். பொறுத்திருந்தவருக்குப் பின்னால் விலை மீண்டும் ஏறியதைப் பார்க்கும் வாய்ப்பும் இருந்தது. தாய் நிறுவனத்தின் பங்கைச் சந்தைக்கு வெளியே வாங்கியவருக்கு அந்த வசதி ஏது? வாங்க ஒரு ஆள் கிடைத்தால் உண்டு. ஒரே குடும்பத்து இரண்டு நிறுவனங்கள், ஒரே கெட்ட காலம், வாசல் மட்டும் வேறு.

இதோடு தொடர்புடைய இன்னொன்று, கணக்கு. சந்தையில் இருக்கும் நிறுவனம் ஒவ்வொரு காலாண்டும் முடிந்த 45 நாட்களுக்குள், கடைசிக் காலாண்டு என்றால் 60 நாட்களுக்குள், முடிவுகளை வெளியிட வேண்டும். சந்தைக்கு வராத நிறுவனத்தின் ஆண்டறிக்கை, மார்ச்சில் முடிந்த ஆண்டுக்குச் செப்டம்பர் பொதுக்குழுவை ஒட்டித்தான் நம் கைக்கு வரும். நிறுவனம் எரிக்கும் பணத்தின் அளவு அரை ஆண்டு தாமதமாகத் தெரிந்தால், விற்க வேண்டும் என்று தோன்றுவதும் அரை ஆண்டு தாமதம்தான். அப்புறம், பெரிய வென்ச்சர் நிறுவனங்கள் பெரும்பாலும் முன்னுரிமைப் பங்குகள் வழியாகப் பணம் போடுகின்றன. நிறுவனம் அடிமாட்டு விலைக்கு விற்கப்பட்டால் முதலில் கை நீட்டும் உரிமை அவர்களுக்கு. புரோக்கர் நமக்கு விற்பது, அந்நிறுவன ஊழியர்கள் இசாப்பில், அதாவது ஊழியர் பங்குத் திட்டத்தில், பெற்ற சாதாரணப் பங்குகளைப் போன்றவை, வரிசையில் கடைசி. இதை எனக்கு விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஐபிஓ வந்தாலும் உடனே விடுதலை இல்லை. அதற்கு முன்பே பங்கு வைத்திருந்த நம்மைப் போன்றவர்களுக்கு ஆறு மாதம் லாக்-இன். பட்டியலிட்ட அன்று விலை எகிறினால் டிவியில் பார்த்துக்கொள்ளலாம், விற்க முடியாது. வரியில், சந்தைப் பங்கு 12 மாதத்தில் நீண்டகால முதலீடாகிவிடும். அன்லிஸ்டட் பங்குக்கு 24 மாதம் வேண்டும்.

சந்தையில் இருந்தாலே பத்திரம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவின் தொலைமருத்துவ நிறுவனமான டெலடாக், நீரிழிவு போன்ற நாள்பட்ட நோய்களை டிஜிட்டலில் கண்காணிக்கும் லிவாங்கோவை 2020-ல் 1,850 கோடி டாலருக்கு வாங்கியது. 2022-ல் அதன் நிகர இழப்பு 1,370 கோடி டாலர். 2021 பிப்ரவரியின் உச்சத்திலிருந்து அடுத்த ஆண்டு முடிவதற்குள் பங்கு விலையில் பத்தில் ஒன்பது பாகம் போய்விட்டது. கொரோனா கூட்டம் நிரந்தரம் என்று எல்லோரும் எண்ணியதும், அமெரிக்காவில் வட்டி ஏறியதும் சேர்ந்து செய்த வேலை அது. சட்டம் சார்ந்த ஆபத்தும் இரண்டு பக்கமும் ஒன்றே. ஆன்லைன் மருந்து விற்பனைக்கு வரைவு விதிகள் 2018 ஆகஸ்டில் வந்தன. தமிழ்நாடு மருந்து வணிகர்கள் சங்கம் தொடுத்த வழக்கில் அந்த டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, இறுதி விதிகள் வரும்வரை விற்பனைக்கே தடை போட்டார். சில வாரங்களில் டிவிஷன் பெஞ்ச் அதை நிறுத்திவைத்தது. ஒரு தீர்ப்பில் தொழிலே நின்றுபோகக்கூடிய துறை இது. அப்படிப்பட்ட துறையில் விற்க வழி இல்லாத பங்கு எதற்கு?

இன்று சந்தைக்குள்ளேயே டிஜிட்டல் மருத்துவத்தில் பணம் போட வழிகள் கூடியிருக்கின்றன. 2021-ல் இவ்வளவு இல்லை. 1983-ல் கிரீம்ஸ் ரோட்டில் தொடங்கிய அப்போலோ, 2020-ல் தன் 24/7 செயலியைக் கொண்டுவந்தது. மருந்தக, டிஜிட்டல் பிரிவைத் தனியாகப் பிரித்துப் பட்டியலிடப் போவதாக 2025 ஜூனில் அறிவித்தது. மருத்துவமனை சம்பாதிக்கிறது, செயலி செலவழிக்கிறது. அந்தச் செலவைக் காலாண்டு முடிவுகளில் தனியாகக் காட்டுகிறார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். இன்டெஜீன், சஜிலிட்டி, ஐகேஎஸ் ஹெல்த் ஆகிய மூன்றும் 2024-ல் சந்தைக்கு வந்தன. சஜிலிட்டியும் ஐகேஎஸ்ஸும் செய்வது ஏறக்குறைய நாங்கள் அம்பத்தூரில் செய்யும் வேலை: அமெரிக்க மருத்துவத்தின் பின்கட்டு வேலை. காப்பீட்டு கிளெய்ம், கோடிங் (சிகிச்சைக்குக் குறியீடு போடுவது), மறுக்கப்பட்ட பில்லைத் திரும்ப அனுப்புவது. அங்கே டாக்டர் வீடியோவில் பார்த்தாலும் நேரில் பார்த்தாலும் பில் போட்டாக வேண்டும், அதனால் இந்த வகை நிறுவனங்களில் எனக்கு நம்பிக்கை அதிகம். ஆனால் ஏஐ வந்தபின் கோடிங் வேலை என்ன ஆகும் என்ற கேள்வி என் அலுவலகத்திலேயே தினமும் ஓடுகிறது. எளிய கோப்புகளை இப்போதே மென்பொருள் முடித்துவிடுகிறது. அதனால் அந்த நிறுவனங்களின் லாபம் கூடுமா, வாடிக்கையாளரே வேலையைத் தானே செய்துகொள்வாரா என்பதில் என் பார்வை என் மேசை வரைதான். சம்பளமும் அதே துறையில் வருகிறது என்பதால் சேமிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இதில் வைப்பதில்லை.

அன்லிஸ்டட் பங்கு யாருக்குப் பொருந்தும்? அந்த நிறுவனத்தின் உள்ளே வேலை பார்த்து, பணப்புழக்கத்தை நேரில் அறிந்தவருக்குப் பொருந்தலாம். ஏழெட்டு ஆண்டு மறந்துவிடக்கூடிய பணம் உள்ளவருக்கும் பொருந்தலாம். நான் இரண்டிலும் சேராதவள்.

போன மாதம் எங்கள் டீமில் இருக்கும் ஒரு தம்பி, "அக்கா, ஒரு ஹெல்த்-டெக் ஷேர் ஐபிஓவுக்கு முன்னாடியே கிடைக்குதாம், எடுக்கலாமா?" என்று கேட்டான். என் போனிலிருந்தே அந்தப் புரோக்கருக்குச் செய்தி அனுப்பச் சொன்னேன்: இதே பங்கு என்னிடம் 500 இருக்கிறது, இன்று என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள், எத்தனை நாளில் பணம் தருவீர்கள்? வாங்க விலை கேட்டபோது ஐந்து நிமிடத்தில் பதில் அனுப்பியவர், இதற்கு மறுநாள் மாலைதான் பதில் போட்டார். இப்போது எடுப்பதில்லையாம். தம்பி வாங்கவில்லை. என்னிடம் மீந்த 100 பங்குகள் இன்னும் டீமேட்டில் இருக்கின்றன; இந்தச் செப்டம்பரில் ஆண்டறிக்கை வந்தால் பார்க்க வேண்டும்.