மைக்ரோவேவ் மக்கர் பண்ணினால்: நாமே பார்ப்பதா, தெரு மெக்கானிக்கா, கம்பெனி ஆளா?

மைக்ரோவேவ் திடீரென்று வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் எங்கே செலவு குறையும் என்றுதான் யோசிக்கிறோம். பழுது என்ன என்று முதலில் பார்த்துவிட்டு, அதற்கேற்ற ஆளைத் தேடுவதுதான் சரி என்பேன். காரணம், இது மிக்சி, கிரைண்டர் மாதிரி கழற்றிப் பார்க்கிற பொருள் இல்லை. உள்ளே டிரான்ஸ்பார்மர், கெப்பாசிட்டர், டயோடு மூன்றும் சேர்ந்து வீட்டு 230 வோல்ட்டைச் சுமார் 4,000 வோல்ட்டாக ஏற்றி, உணவைச் சூடாக்கும் கதிரை உண்டாக்குகிற மேக்னட்ரானுக்குக் கொடுக்கின்றன. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கலாம். தொட்டால் உயிருக்கே ஆபத்து.

அதனால் நாமே பார்ப்பது என்றால் வெளிக் கவரின் ஸ்க்ரூவைத் தொடாமல் செய்கிற வேலை மட்டும்தான். அதிலேயே நிறைய இருக்கிறது. பட்டன் எதுவும் வேலை செய்யவில்லையா? பிள்ளைகள் இயக்கிவிடாமல் பட்டன்களைப் பூட்டும் சைல்டு லாக் விழுந்திருக்கலாம். கம்பெனி ஆள் வந்து ஒரு பட்டனை அழுத்திவிட்டு விசிட்டிங் சார்ஜ் வாங்கிப் போவது இதற்குத்தான். தட்டு சுற்றவில்லையா? அடியில் இருக்கும் ரோலர் வளையத்தையும் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் குமிழையும் எடுத்துக் கழுவி வைத்துப் பாருங்கள்.

சூடு குறைவு என்று தோன்றினால் ஊகம் வேண்டாம், அளந்து பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரை முழு பவரில் ஒரு நிமிடம் வையுங்கள். எத்தனை டிகிரி செல்சியஸ் ஏறியதோ அதை 70-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய எத்தனை வாட் கிடைக்கிறது என்று தெரிந்துவிடும். 800 வாட் மாடலில் 11 டிகிரி சுமாருக்கு ஏற வேண்டும். ஐந்தாறு டிகிரிதான் ஏறுகிறது என்றால், மின்சாரம் சரியாக இருக்கும் நேரத்தில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லாமல் நேராகச் சுவர் பிளக்கில் போட்டு இன்னொரு முறை பாருங்கள். லோ வோல்டேஜில் எந்த மைக்ரோவேவும் மந்தமாகத்தான் சூடாக்கும்.

உள்ளே பட் பட் என்று தீப்பொறி பறந்தால் பலரும் மேக்னட்ரான் போய்விட்டது என்று பயந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் மைக்கா ஷீட்தான் காரணம். உட்புறச் சுவரில், வழக்கமாக வலது பக்கம், அட்டை மாதிரி பழுப்பாகவோ வெள்ளியாகவோ ஒரு தகடு இருக்கும். எண்ணெயும் குழம்பும் தெறித்து, ஒரு இடத்தில் கருகி ஓட்டை விழும். புது ஷீட் வாங்கிப் பழையதை மேலே வைத்து அளவெடுத்து, கத்தரிக்கோலால் வெட்டி மாட்டலாம். மாட்டும் முன் அந்த இடத்தில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிடுங்கள்; இல்லையென்றால் புதுசும் கருகும். விலை நூறு ரூபாய் சுமாருக்குத்தான்.

லைட் எரிகிறது, தட்டு சுற்றுகிறது, சூடு மட்டும் துளியும் இல்லை. அல்லது பெரிதாக உறுமுகிறது. அல்லது மொத்தமாக உயிரே இல்லை. இங்கேதான் மெக்கானிக்கா, கம்பெனியா என்ற கேள்வி வருகிறது. முதலில் வாரண்டி கார்டை எடுங்கள். முழு வாரண்டி முடிந்தாலும் மேக்னட்ரானுக்கு மட்டும் தனியாகக் கூடுதல் வருடங்கள் தரும் கம்பெனிகள் பல உண்டு. வெளியாள் கவரைத் திறந்தால் அந்த உரிமை போய்விடக்கூடும்.

வாரண்டி இல்லையென்றால் டயோடு, கெப்பாசிட்டர், டோர் சுவிட்ச், தட்டு மோட்டார் ஆகியவற்றுக்கு நல்ல தெரு மெக்கானிக்தான் என் தேர்வு. கம்பெனி ஆள் போர்டு போயிற்று என்று முழு போர்டையும் மாற்றச் சொல்லும் இடத்தில், இவர் அதில் சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் ரிலேயை மட்டும் மாற்றிக் கொடுப்பார். நல்லவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கவரைத் திறந்ததும் கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்கிறாரா என்று, தள்ளி நின்று பாருங்கள். செய்யாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். சாதாரண மல்டிமீட்டரை வைத்து, டயோடு இரண்டு பக்கமும் ஓப்பன் (மின்சாரம் ஓடவில்லை) காட்டுகிறது, போய்விட்டது என்று சொன்னாலும் நம்ப வேண்டாம். நல்ல ஹை வோல்டேஜ் டயோடும் அந்த மீட்டரில் அப்படித்தான் காட்டும். 9 வோல்ட் பேட்டரியைச் சேர்த்துச் சோதித்தால்தான் தெரியும்.

ஃப்யூஸ் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கதவைத் திறந்து மூடும்போது ஃப்யூஸ் போகிறது என்றால் பெரும்பாலும் டோர் சுவிட்சில் கோளாறு. கதவு திறந்திருக்கும்போது கதிர் வெளியே வராமல் இருக்க, அந்த சுவிட்சுகளில் ஒன்று வேண்டுமென்றே ஃப்யூஸை எரித்துவிடும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். ஃப்யூஸ் அடிக்கடி போகிறதே என்று அங்கே ஒரு செம்புக் கம்பியைச் சுற்றிக் கொடுக்கும் மெக்கானிக் அந்தக் கடைசிப் பாதுகாப்பையே எடுத்துவிடுகிறார். இதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள்.

கதவு வளைந்திருந்தால், கீல் ஆடினால், கொக்கி உடைந்திருந்தால் கம்பெனியைத் தவிர வேறு வழி பார்க்காதீர்கள். கதவிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் சதுர செ.மீ.க்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கதிர் கசியக்கூடாது என்பது விதி. அதை அளக்கும் மீட்டர் தெரு மெக்கானிக்கிடம் பெரும்பாலும் இருக்காது. கனமான டிரான்ஸ்பார்மருக்குப் பதில் எலக்ட்ரானிக் போர்டு வைத்த இன்வெர்ட்டர் மாடலும் கம்பெனிக்குத்தான்; அந்த போர்டில் கை வைக்கத் தெரிந்தவர்கள் வெளியே குறைவு.

இனி, புதுசு எப்போது வாங்கலாம்? சூடாக்கவும் சாதாரணச் சமையலுக்கும் மட்டுமான 20 லிட்டர் சோலோ மாடல் 6,000 ரூபாய் வாக்கில் கிடைக்கிறது. மேக்னட்ரானும் கூலியும் சேர்ந்து அதில் பாதியைத் தொட்டு, உள்ளே துருவும் பிடித்திருந்தால் ரிப்பேரில் பணம் போட வேண்டாம். கேக் சுடவும் முடிகிற கன்வெக்‌ஷன் மாடல் என்றால் புது விலை இரண்டு மடங்குக்கு மேல் போகும், அங்கே மேக்னட்ரான் மாற்றுவது லாபம்தான். பழையதைக் கடையில் எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள், அல்லது மின்கழிவு எடுப்பவர்களிடம் முழுதாகக் கொடுங்கள். சில மேக்னட்ரான்களின் பீங்கானில் பெரிலியம் ஆக்சைடு இருக்கும். உடைத்தால் பறக்கும் தூசு நுரையீரலுக்குக் கெடுதல். மேக்னட்ரானில் இருக்கும் காந்தத்துக்கு ஆசைப்பட்டுப் பிள்ளைகள் அதை உடைக்க விடாதீர்கள்.