எச்ஓஏ குடியிருப்பில் ஸ்கைலைட்: பழைய டோமா, கண்ணாடியா, குழாயா?

அமெரிக்காவில் எச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) உள்ள குடியிருப்பில் ஸ்கைலைட் (வெளிச்சத்துக்காகக் கூரையில் வைக்கும் ஜன்னல்) பற்றி யோசிப்பவர்கள் பெரும்பாலும் மாடல் பார்ப்பதில்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் அதைக் கடைசிக்குத் தள்ளுவேன். முதலில் தெரிய வேண்டியது, கூரை யாருடையது என்பது. தனி வீட்டில் கூரை உங்களுடையது. சங்கம் வெளித்தோற்றத்தைப் பற்றித்தான் பேசும். காண்டோவில், அதாவது தனித்தனி உரிமையாளர்கள் உள்ள அடுக்குமாடியில், கூரை பொதுவாகப் பொதுச் சொத்து. உங்கள் படுக்கையறைக்கு நேர் மேலே இருந்தாலும் நீங்களாக அதில் ஓட்டை போட முடியாது. பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிரும் டவுன்ஹவுஸ்தான் குழப்பம்: ஒரு குடியிருப்பில் கூரை உரிமையாளர் பொறுப்பு, அடுத்த குடியிருப்பில் சங்கத்தின் பொறுப்பு. சங்கத்தின் விதிகள் அடங்கிய சிசிஆர் ஆவணத்தைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். அரை மணி நேரம் ஒதுக்கிப் படித்துவிடுங்கள். கீழே சொல்லும் எல்லாமே அதைப் பொறுத்து மாறும்.

மாற்றுவதா, புதிதாகத் திறப்பதா

இருக்கும் ஸ்கைலைட்டை அதே இடத்தில், அதே அளவில் மாற்றுவதற்கும், இல்லாத இடத்தில் புதிதாக ஒன்று வைப்பதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். முன்னதற்கு, வெளித்தோற்ற மாற்றங்களைப் பார்க்கும் சங்கத்தின் கமிட்டி பெரும்பாலும் கேட்பது விண்ணப்பப் படிவம், பொருளின் விவரத்தாள், ஸ்கைலைட்டின் விளிம்புச் சட்டத்தின் நிறம், கான்ட்ராக்டரின் லைசென்ஸ், இன்சூரன்ஸ். பின்னதில், அதுவும் கூரை பொதுச் சொத்தாக இருந்தால், விஷயம் கமிட்டியைத் தாண்டிப் போகலாம். கலிஃபோர்னியாவில் 1985-இல் வந்த டேவிஸ்-ஸ்டெர்லிங் சட்டப்படி, பொதுப் பகுதியில் ஒரு பங்கை ஒரே உரிமையாளரின் தனிப் பயன்பாட்டுக்குக் கொடுக்க, ஆவணத்தில் வேறு விகிதம் சொல்லாதவரை, பொதுவாக 67 சதவீத உரிமையாளர்களின் ஓட்டு வேண்டும். ஃபுளோரிடா காண்டோக்களில் பொதுப் பகுதியைப் பெரிதாக மாற்றுவதற்கு ஆவணம் வழி சொல்லவில்லை என்றால் 75 சதவீத ஓட்டு. உங்கள் ஒரு ஹாலில் வெளிச்சம் வர இத்தனை பேரிடம் கையெழுத்து வாங்குவது லேசான காரியமில்லை.

கமிட்டி மறுத்துவிட்டால் அதோடு முடிந்துவிடவில்லை. கலிஃபோர்னியாவில் மறுப்பை எழுத்தில் தர வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், சங்கத்தின் நிர்வாகக் குழுவான போர்டிடம் மறுபரிசீலனை கேட்கும் வழியையும் சொல்ல வேண்டும். "நன்றாக இருக்காது" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் ஏற்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

பழையதை என்ன செய்வது

பழைய பிளாஸ்டிக் டோம் (குமிழ் வடிவ ஸ்கைலைட்) உள்ளவர்களுக்கு மூன்று வழி: சீலன்ட் பூசி ஓட்டுவது, இருக்கும் கர்ப்பின் மேல் கண்ணாடி ஸ்கைலைட் வைப்பது, கர்ப்பையே எடுத்துவிட்டுக் கூரைப் பலகையோடு ஒட்டி உட்காரும் வகைக்கு மாறுவது. கர்ப் என்பது கூரைக்கு மேலே எழுப்பிய மரச்சட்டம். அதன் மேல் ஸ்கைலைட் மூடி போல உட்காரும்.

எதைத் தேர்ந்தெடுப்பதானாலும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். மழையே இல்லாத குளிர்காலக் காலையில் சட்டத்தின் கீழ் ஓரம் நனைந்திருந்தால், வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த பரப்பில் பட்டு வேர்க்கிறது. குளியலறைக்கு மேலே இது சகஜம். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே, எந்தப் பக்கம் துடைத்தாலும் போகாத வெண்மூட்டம் தெரிந்தால் கண்ணாடியின் சீல் போய்விட்டது. காற்றோடு மழை அடிக்கும்போது மட்டும் சீலிங்கில் மஞ்சள் கறை விரிந்தால் சந்தேகம் ஃபிளாஷிங் மேல், அதாவது ஸ்கைலைட்டும் கூரையும் சேரும் இடத்தில் தண்ணீர் புகாமல் தடுக்கும் தகடுகள் மேல், குறிப்பாக மேல்பக்கத் தகட்டின் மேல். இலையும் குப்பையும் சேர்ந்து தண்ணீர் தேங்கும் இடம் அதுதான். ஃபிளாஷிங் என்பது ஒரே தகடு இல்லை. பக்கவாட்டில் ஒவ்வொரு ஷிங்கிள் (கூரையை மூடும் ஓடு போன்ற தகடு) வரிசைக்கும் ஒரு துண்டுத் தகடு செருகியிருக்கும். ஒரு துண்டு விலகினாலும் தண்ணீர் உள்ளே போக வழி கிடைத்துவிடும். இந்தப் பிரிவினை பணத்துக்கும் முக்கியம். உள்ளே வேர்ப்பது உரிமையாளர் பாடு. ஃபிளாஷிங், கூரையின் பகுதி என்று ஆவணம் சொன்னால் செலவு சங்கத்துடையது. போட்டோவும், எந்த மழையில் எங்கே கசிந்தது என்ற குறிப்பும் கையில் இருந்தால் வாக்குவாதம் சுருங்கும்.

சீலன்ட் வழியை நான் ஒரு தற்காலிக ஒட்டாகத்தான் பார்க்கிறேன். வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும் தகட்டின் மேல் பூசிய பசை வெடிக்கத்தான் செய்யும். அடுத்த ஆண்டு சங்கம் கூரையை மாற்றப்போகிறது என்றால் அதுவரை தாக்குப்பிடிக்க ஒட்டலாம், வேறு காரணம் இல்லை.

கர்ப்பின் மேல் கண்ணாடி வைப்பதுதான் பெரும்பாலோருக்குச் சரிப்படும். கர்ப் நல்ல நிலையில் இருந்தால் உள்ளே டிரைவால் (உள்சுவர்ப் பலகை) பக்கம் போகவே வேண்டாம், வேலை சீக்கிரம் முடியும். 3:12-க்கு (12 அடி நீளத்துக்கு 3 அடி ஏற்றம்) குறைவான சரிவுள்ள கூரையில் கர்ப் குறைந்தது 4 அங்குலம் எழும்பி இருக்க வேண்டும் என்று, ஊர்கள் தங்கள் விதிகளுக்கு அடிப்படையாக எடுக்கும் மாதிரிக் கட்டட விதியே சொல்கிறது. தயாரிப்பாளரின் பொருத்தும் குறிப்பு வேறு சொன்னால் மட்டும் விலக்கு. அதனால் தட்டையான கூரைக்காரர்களுக்கு நடைமுறையில் இது ஒன்றே வழி. கூரைப் பலகையோடு ஒட்டும் வகை தெருவிலிருந்து பார்த்தால் தாழ்வாகத் தெரியும், கமிட்டிக்கும் பிடிக்கும். ஆனால் சுற்றியுள்ள ஷிங்கிளைப் பிரித்து மறுபடி அடுக்க வேண்டும். நடுவயதுக் கூரையில் அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது. புதுக் கூரை போடும் நாளில் என்றால் தாராளமாகச் செய்யலாம். வெலக்ஸ் போன்ற தயாரிப்பாளர், தன் ஃபிளாஷிங்கையும் அதன் அடியில் ஒட்டும் நீர்த்தடுப்புப் படலத்தையும் சேர்த்து முறைப்படி பொருத்தினால் ஒழுகாது என்று 10 ஆண்டு உத்தரவாதம் தருவதும் முழுதாக உபயோகப்படுவது அப்போதுதான்.

கண்ணாடி எதுவானாலும் உள்பக்கம் லேமினேட் செய்ததாக (நடுவே படலம் ஒட்டியதாக) வாங்குங்கள். உடைந்தாலும் சில்லுகள் படலத்தோடு ஒட்டி நிற்கும், தலையில் விழாது. மழைச் சத்தமும் குறையும். மேற்குச் சரிவு என்றால் ஜன்னல்களின் வெப்பத் திறனைக் காட்டும் என்எஃப்ஆர்சி லேபிளில் வெயில் வெப்பம் நுழையும் அளவு, அதாவது எஸ்எச்ஜிசி, குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய தெளிவான டோமின் கீழ் மதியம் உட்கார்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

புதிதாக வைப்பவர்களுக்கு

இங்கே நான் குழாய் வகையின் பக்கம். கூரை மேல் ஒரு சின்னக் குமிழ், அட்டிக் (கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே உள்ள இடம்) வழியாகக் கண்ணாடி போல் மின்னும் குழாய், சீலிங்கில் வட்ட விளக்கு போல ஒன்று, அவ்வளவுதான். 10 அல்லது 14 அங்குல விட்டம் என்பதால் 16 அங்குல இடைவெளியில் வைத்த ராஃப்டர்களுக்கு (கூரையைத் தாங்கும் சாய்வு மரங்களுக்கு) நடுவே எதையும் வெட்டாமல் இறங்கும். பெரிய கண்ணாடி ஸ்கைலைட்டுக்கு ராஃப்டரை வெட்டிக் குறுக்குச் சட்டம் கொடுக்க நேரலாம். டிரஸ் (முன்பே செய்து வைத்த முக்கோண மரச்சட்டங்கள்) தாங்கும் கூரை என்றால் இன்ஜினீயரைக் கேட்காமல் கை வைக்கவே கூடாது. கமிட்டியிலும் குழாய் சுலபமாகத் தேறும், பின்சரிவில் வைத்தால் கண்ணில் படாது. நடைவழி, அலமாரி அறை, ஜன்னலில்லாத குளியலறை ஆகியவற்றுக்கு இதைவிட நல்லது இல்லை.

அதில் வானம் தெரியாது, காற்று வராது. ஹாலில் வானத்தைப் பார்க்க ஆசைப்படுபவரிடம் குழாயை வைத்துச் சமாளியுங்கள் என்று சொல்லமாட்டேன், அவருக்குக் கண்ணாடிதான். திறந்து மூடும் வகையில் மின்சாரத்துக்கு ஒயர் இழுக்க வேண்டும். சோலார் வகைக்கு ஒயர் வேண்டாம், ஆனால் சட்டத்தில் சின்னப் பேனல் இருக்கும். விண்ணப்பத்திலேயே அதைக் குறிப்பிட்டுவிடுங்கள். வரிச்சலுகையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்: 2025 டிசம்பர் 31-க்குப் பிறகு பொருத்தும் ஸ்கைலைட்டுக்கு மத்திய அரசின் வீட்டு எரிசக்திச் சலுகை கிடையாது.

டவுன்ஹவுஸ்காரர்களுக்கு இன்னொரு தடை. பக்கத்து வீட்டோடு பகிரும் சுவர் கூரைக்கு மேலே எழும்பாத இடங்களில், அந்தச் சுவரிலிருந்து 4 அடிக்குள் கூரையில் திறப்பு கூடாது என்பது மாதிரிக் கட்டட விதி, தீ பரவாமல் இருக்க. இருபுறமும் வீடுள்ள 20 அடி அகல வீட்டில் நடுவில் 12 அடிதான் மிஞ்சும். சங்கத்தின் அனுமதி நகராட்சி பெர்மிட்டுக்கு ஈடாகாது, பெர்மிட்டும் சங்கத்தின் அனுமதிக்கு ஈடாகாது, இரண்டும் வேண்டும்.

அனுமதியோடு பராமரிப்பு ஒப்பந்தம் ஒன்றிலும் சங்கம் கையெழுத்து கேட்கலாம்: இந்த ஸ்கைலைட்டால் வரும் ஒழுகல் எல்லாம் உங்கள் பொறுப்பு, வீட்டை விற்றால் வாங்குபவர் பொறுப்பு. நியாயமான கோரிக்கைதான். ஆனால் "ஸ்கைலைட்டைச் சுற்றியுள்ள கூரை" என்று எல்லையில்லாமல் எழுதியிருந்தால் எத்தனை அடி வரை என்று குறிப்பிடச் சொல்லுங்கள். சங்கம் கூரை மாற்றும்போது ஸ்கைலைட்டைக் கழற்றி மாட்டும் செலவு யாருடையது என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். அந்த வேலைக்கு நோட்டீஸ் வந்தவுடன், உங்கள் பழைய டோமை அப்படியே திருப்பி மாட்டப்போகிறார்களா என்று கூரை கான்ட்ராக்டரிடம் கேளுங்கள். ஆமாம் என்றால், கூரையைப் பிரிக்கும் நாளுக்கு முன்பே விண்ணப்பத்தைக் கமிட்டியிடம் கொடுத்துவிடுங்கள்.