மணி வாடகை ஹாலில் வகுப்பு எடுக்கும் மாஸ்டர்கள் கவனத்துக்கு

வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் கராத்தே, டேக்வாண்டோ, சிலம்பம் சொல்லிக்கொடுக்க மணிக்கு 400 ரூபாய்க்கு ஹால் கிடைக்கும் என்று ஒரு விளம்பரம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நம்பிப் பணம் கட்டிய மூன்று மாஸ்டர்கள் இப்போது அட்வான்ஸைத் திரும்ப வாங்க அலைகிறார்கள். அவர்களில் ஒருவருடைய மாணவர்களில் பாதிப் பேர் அதே ஹாலில், அதே நேரத்தில், வேறு ஆளிடம் படிக்கப் போய்விட்டார்கள். என்ன நடந்தது, எங்கே பிடித்திருக்கலாம் என்பதற்காக இந்தப் பதிவு.

முதலில் அந்த 400 ரூபாய். அவர்களில் ஒரு மாஸ்டர் போட்ட கணக்கு: வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், மாதம் 12 வகுப்பு, ஆக 4,800. மாதக் கடைசியில் வந்த பில் 11,682. எப்படி என்றால், குறைந்தபட்ச ஸ்லாட் ஒன்றரை மணி நேரமாம். அதற்கே 7,200 ஆகிவிட்டது. ஏசிக்கு மணிக்கு 150 வீதம் 18 மணி நேரத்துக்கு 2,700. இரண்டும் சேர்ந்த 9,900-க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 1,782. பதினான்கு பிள்ளைகள், தலைக்கு 1,000 ஃபீஸ் என்றால் வசூல் 14,000. மிச்சம் 2,318. பெட்ரோலும் கிக் பேடும் (உதைத்துப் பழகும் மெத்தை) இதற்குள்தான்.

ஒன்றரை மணி நேர ஸ்லாட்டைக் குறை சொல்ல முடியாது. முந்தைய பேட்ச் கிளம்பி, இந்தப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வரிசையில் நிற்பதற்குள் பத்து நிமிடம் போய்விடும். 60 நிமிட வகுப்புக்கு 75 நிமிடமாவது இடம் கையில் இருக்க வேண்டும். ஆனால் அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். ஏசி விஷயம் அப்படியில்லை. அந்த ஹாலில் ஜன்னல்களை மறைத்துக் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில் ஏசி இல்லாமல் பதினான்கு பிள்ளைகளை அங்கே குதிக்கவைக்க முடியாது. வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொன்னதில் அர்த்தமே இல்லை.

ஜிஎஸ்டி வாங்கினார்களே தவிர, ரசீதில் ஜிஎஸ்டி எண் இல்லை. எண் இல்லாதவர் அந்த வரியை வசூலிக்கவே கூடாது. தமிழ்நாட்டுப் பதிவு என்றால் எண் 33-இல் தொடங்கும், மொத்தம் 15 இலக்கம் இருக்கும்; ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று இலவசமாகக் காட்டிவிடும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டாதவர் பதிவே செய்யத் தேவையில்லை. சின்ன ஹால்காரர் ஜிஎஸ்டி கேட்டால் எண்ணைக் காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு பர்ஸைத் திறங்கள்.

இதெல்லாம் காசோடு போயிற்று. பெரிய அடி விழுந்தது வேறு இடத்தில். ஹாலை மணிக்கணக்கில் விட்டவர் அந்தக் கட்டடத்துக்கு உரிமையாளரே இல்லை, அவரும் ஒரு வாடகைக்காரர். கட்டட உரிமையாளரிடம் "பிட்னஸ் சென்டர்" என்று சொல்லி மாத வாடகைக்கு எடுத்து, காலையில் யோகா, மாலையில் கராத்தே, ராத்திரி ஜூம்பா என்று பிரித்து விட்டிருக்கிறார். நான்கு மாத வாடகை பாக்கி விழுந்ததும் உரிமையாளர் ஒரு சனிக்கிழமை பூட்டுப் போட்டுவிட்டார். பிள்ளைகள் யூனிபார்மில் தெருவில் நின்றார்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் மாஸ்டருடைய கிக் பேடுகள், ஹெட் கார்டு, இரண்டு சாண்ட்பேக். உரிமையாளரிடம் போனால், "நீங்க யாருன்னே எனக்குத் தெரியாதே சார்" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, வாடகைக்கு இருப்பவர் உள்வாடகைக்கு விட வேண்டுமானால் உரிமையாளருடன் எழுத்துபூர்வ ஒப்பந்தம் வேண்டும். ஆகவே ஹால்காரரிடம் கேட்க வேண்டியவை மூன்று. கட்டடம் யார் பெயரில் இருக்கிறது? இவர் வாடகைக்காரர் என்றால் ஒப்பந்தம் எந்தத் தேதி வரை? மற்றவர்களுக்கு மணி வாடகைக்கு விடலாம் என்று உரிமையாளர் எழுதிக் கொடுத்திருக்கிறாரா? மணிக்கு 400 ரூபாய் ஹாலுக்கு வில்லங்கச் சான்று பார்க்க வேண்டுமா என்று சிரிக்காதீர்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். மாநகராட்சி சொத்து வரி ரசீதும் இபி பில்லும் போதும். இரண்டிலும் பெயர் இருக்கும்.

இபி பில்லில் இன்னொன்றும் தெரியும். கட்டணப் பிரிவு வீட்டு இணைப்பா, வணிக இணைப்பா என்று. வீட்டு இணைப்பில் ஹால் நடத்தினால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126-ஆவது பிரிவின்படி, வணிகக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு வசூலிக்கலாம். ஆய்வுக்கு வந்தால் அன்றைக்கு வகுப்பு அவ்வளவுதான். ஸ்டில்ட் பார்க்கிங்கை, அதாவது கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் தளத்தை, சுவர் வைத்து அடைத்து ஹாலாக்கிய இடங்கள் இதைவிட மோசம். பார்க்கிங் என்று அனுமதி வாங்கிய இடத்தை மாற்றினால் சீல் வைக்க முடியும். தவிர, ஐப்பசி கார்த்திகை மழைக்கு முதலில் தண்ணீர் ஏறுவதும் அங்கேதான்.

இனி, பூட்டு விழுவதற்கு முன் மாணவர்களை இழுத்த கதை. ஹால்காரர் முதல் வாரமே ஒரு படிவம் கொடுத்தார்: பிள்ளை பெயர், வயது, பள்ளி, பெற்றோர் போன் எண், ரத்த வகை. "சேஃப்டிக்கு சார், ஏதாவது அடிபட்டா கூப்பிடணும்ல" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் கழித்து, பராமரிப்பு வேலை என்று மாஸ்டருடைய ஸ்லாட்டை இரண்டு வாரம் நிறுத்தினார்கள். அந்த இரண்டு வாரத்தில் பெற்றோர்களுக்கு ஹாலிலிருந்தே மெசேஜ் போனது: அதே நேரம், அதே இடம், 700 ரூபாய்க்கு வகுப்பு, சேர்க்கைக் கட்டணம் இல்லை. சம்பளத்துக்கு ஒரு பையனை வைத்து நடத்தினார்கள். பெற்றோருக்கு வீட்டுப் பக்கத்தில் இடம் முக்கியம். பெல்ட் யார் கட்டிவிடுகிறார் என்பதெல்லாம் கிரேடிங் (பெல்ட் தேர்வு) வரும்போதுதான் நினைவுக்கு வரும்.

அடிபட்டால் கூப்பிட வேண்டிய எண்கள் மாஸ்டரிடம் இருந்தால் போதும். ஹால்காரருக்குத் தலை எண்ணிக்கை மட்டும் கொடுங்கள். கட்டாயம் என்றால் ஒரே எண், அதுவும் உங்களுடையது. கூகுள் மேப்பில் வகுப்பைப் பதியும்போதும் உங்கள் எண்ணில், உங்கள் பெயரில் பதியுங்கள். "நாங்களே போட்டுத் தருகிறோம்" என்றால் வேண்டாம். ஒப்பந்தம் முடிந்து ஆறு மாதம் வரை அதே கலையில் ஹால்காரர் சொந்த வகுப்பு தொடங்கக்கூடாது என்று ஒரு வரி எழுதி வாங்கலாம். அதை வைத்து நீதிமன்றத்தில் ஜெயிப்பது கஷ்டம். ஆனால் அந்த வரியைப் பார்த்ததும் கையெழுத்துப் போடத் தயங்குகிறவர் யார் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஹாலைப் பார்க்கப் போகும்போது டேப் எடுத்துப் போங்கள். விளம்பரத்தில் 600 சதுர அடி. அளந்தபோது ஆடும் இடம் 22-க்கு 18, அதாவது 396. மீதி ரிசப்ஷன், கழிப்பறை, ஷூ ரேக். கட்டா, பூம்சே (கராத்தே, டேக்வாண்டோவில் தனியாகச் செய்யும் வரிசை அசைவுகள்) செய்ய ஒரு பிள்ளைக்கு 5 அடிக்கு 5 அடி வேண்டும் என்றால் 15 பேருக்கு மேல் தாங்காது. மேலேயும் பாருங்கள். ஃபேன் இறக்கை தரையிலிருந்து 9 அடியில் சுற்றினால் சிலம்பம் நடக்காது. ஆள் உயரக் கம்பைத் தலைக்கு மேல் சுற்றினால் இறக்கையில் படும்.

மேட் 40 மில்லிமீட்டர் என்றார்கள், ஸ்கேல் வைத்தால் 20. கராத்தேவுக்கு 20, 25 பரவாயில்லை. ஜூடோ, ஜூஜிட்சு என்று தூக்கிப்போடும் வகுப்புக்கு 40-க்குக் கீழே போனால் தோள்பட்டை போகும். முட்டியை ஊன்றி உட்கார்ந்து பாருங்கள், தரை தட்டுப்பட்டால் தடிமன் எவ்வளவாக இருந்தாலும் அந்த மேட் செத்துவிட்டது. ஒரு மூலை மேட்டைத் தூக்கிப் பாருங்கள். அடியில் ஈரமும் கறுப்புப் பூசணமும் இருந்தால் தரையில் கசிவு இருக்கிறது. யார், எப்போது துடைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஒரே மேட்டில் நாளுக்கு நான்கு பேட்ச் வியர்வை விழுந்தால் படர்தாமரை பிள்ளைக்குப் பிள்ளை தொற்றும், பெற்றோர் திட்டுவது உங்களைத்தான். கிழிசல்களை முதல் நாளே வீடியோ எடுத்து ஹால்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். இந்த மூன்று பேரில் ஒருவருடைய அட்வான்ஸில் 6,000 ரூபாயை "மேட் டேமேஜ்" என்று கழித்திருக்கிறார்கள். அந்தக் கிழிசல் அவர் வருவதற்கு முன்பே இருந்தது. நிரூபிக்க அவரிடம் ஒரு போட்டோகூட இல்லை.

சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் விட்டுவிடாதீர்கள். காலை 6 மணி பேட்ச் என்றால் 5:45-க்குத் திறக்கும் ஆள் யார், அவர் வராவிட்டால் அந்த நாள் பணம் கழியுமா என்று எழுதி வாங்குங்கள்.

பணத்தை ஒப்பந்தத்தில் இருக்கும் பெயருக்கே அனுப்புங்கள். இங்கே ஒப்பந்தம் ஒருவர் பெயரில், யுபிஐ அவருடைய மைத்துனர் எண்ணுக்கு. போலீஸில், "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று சொல்ல அதுவே வசதியாகிவிட்டது. ஏற்கெனவே கட்டியவர்கள் வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து, ஒவ்வொரு பரிமாற்றத்தின் 12 இலக்க யுடிஆர் எண்ணையும் (பரிமாற்றக் குறிப்பு எண்) எழுதி வையுங்கள். முதலில் வக்கீல் நோட்டீஸ். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வியாபார நோக்கத்துக்கு வாங்கிய சேவை, நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு மறுக்கும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இதற்கு வெளிப்படையாக விலக்குத் தருவது வாங்கிய பொருளுக்குத்தான்; ஆனாலும் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த எடுத்த சேவை இது என்று வாதாடலாம். அதை மனுவிலேயே தெளிவாக எழுதச் சொல்லுங்கள். ஆலோசனைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அதே ஆள் இப்போது பள்ளிக்கரணைப் பக்கம் புதிய பெயரில் ஸ்லாட் விற்கிறார். பழைய ஹாலின் படங்களையே போட்டிருக்கிறார்: சிவப்பு நீல மேட், இடது சுவர்க் கண்ணாடியின் கீழ் மூலையில் ஒரு விரிசல், மேலே வெள்ளை டேப்.