உறையூர் வீட்டு கேம் பெட்டியும் ரிச்சி தெருவும்

ஜூன் மாதம் மூன்று வாரம் திருச்சி உறையூர் வீட்டில் இருந்தேன். வங்கி வேலை, பட்டா வேலை, அம்மாவுக்குக் கண் பரிசோதனை என்று ஒரு பட்டியலோடுதான் விமானம் ஏறினேன். அவையெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே முடிந்துவிட்டன. பட்டியலிலேயே இல்லாத ஒரு வேலைதான் பத்து நாளைச் சாப்பிட்டது. வீட்டில் இருக்கும் பழைய வீடியோ கேம் கன்சோலுக்கு ரிப்பேர்.

2009இல் சான் ஹோசேயில் நான் வாங்கியது அது. 2013இல் ஊருக்குக் கொண்டுவந்து தம்பியிடம் கொடுத்தேன். எந்தக் கம்பெனி என்று இங்கே எழுதவில்லை. எழுதினால் எந்தக் கம்பெனி உசத்தி என்று பேச்சு திரும்பிவிடும். எனக்குச் சொல்ல வேண்டியது அதுவல்ல.

அமெரிக்காவில் வாங்கியது என்பதால் 230 வோல்ட்டை 110 ஆக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றும் கூடவே இருக்கிறது. அம்மிக் குழவி மாதிரி கனம். தம்பி மகள் எழுந்து நிற்கப் பழகியதே அந்த டிவி அலமாரியைப் பிடித்துக்கொண்டுதான். இப்போது ஏழாம் வகுப்பு. கிரிக்கெட், கார் பந்தயம், புதிர் விளையாட்டு என்று இருபத்துமூன்று டிஸ்க் சேர்ந்திருக்கிறது. பாதி நான் வருஷா வருஷம் வாங்கி வந்தவை. நானும் அவளும் உட்கார்ந்து பேசிய பேச்செல்லாம் பெரும்பாலும் அதன் முன்னால்தான். பதினாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பெரியப்பாவுக்கும் ஒரு குழந்தைக்கும் நடுவில் அப்படி ஒரு பொருள் இருப்பது எனக்குச் சின்ன விஷயமில்லை.

இந்த முறை வந்து இறங்கியதும் அவள் சொன்ன முதல் செய்தி, "பெரியப்பா, டிஸ்க் எடுக்க மாட்டேங்குது." போட்டுப் பார்த்தேன். டிஸ்க் உள்ளே போகிறது, சுழல்கிறது, டிக் டிக் என்று நாலைந்து தடவை எதையோ தேடுகிறது, அப்புறம் படிக்க முடியவில்லை என்று திரையில் வருகிறது. தேதியும் பல வருஷம் பின்னால் போயிருந்தது. அது உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்ததால். அதை மாற்றுவது சுலபம், டிஸ்க்தான் பிரச்சினை.

புதுசு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று தம்பியே சொன்னான். காசு ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த இருபத்துமூன்று டிஸ்க்கும் புதிதில் ஓடாது. அதே கேம்களை இணையத்தில் வாங்கலாம் என்றால் பழைய கன்சோல்களுக்கான கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ என்ற இரண்டு கன்சோலுக்குமான இணையக் கடையை 2023 மார்ச் 27இல் மூடியது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் 360க்கான கடையை 2024 ஜூலை 29இல் மூடியது. அந்தக் காலத்து இயந்திரம் எதை வைத்திருந்தாலும் கையில் இருக்கும் டிஸ்க்தான் நம்பகமான சொத்து. டிஸ்க் படிக்கவில்லை என்றால் அந்தச் சொத்தும் இல்லை.

சரி, முறைப்படி போவோம் என்று கஸ்டமர் கேருக்கு அழைத்தேன். இந்திக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு. தமிழ் இல்லை. பாட்டு முடிந்து ஆள் வர இருபத்தைந்து நிமிடம். வந்தவர் கேட்ட முதல் கேள்வி சீரியல் நம்பர். பெட்டியின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் காகிதம் பதினாறு வருஷத்தில் வெளுத்துப்போயிருந்தது. நான் ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பெட்டியைத் தூக்கிப் பிடிக்க, தம்பி மகள் டார்ச் அடித்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். நடுவில் ஓர் எண் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. இரண்டையும் சொன்னோம். இரண்டுமே எங்கள் சிஸ்டத்தில் இல்லை, இது இந்தியாவில் விற்ற பொருள் இல்லை, வாங்கிய நாட்டில் தொடர்பு கொள்ளுங்கள் என்றார்.

அன்று இரவு பத்து மணிக்கு, கலிஃபோர்னியாவில் காலை ஒன்பதரை, அதே கம்பெனியின் அமெரிக்க இணையப் பக்கத்தின் சாட்டில் உட்கார்ந்தேன். முதலில் பதில் சொன்னது இயந்திரம். லென்ஸைத் துடையுங்கள், அணைத்துப் போடுங்கள், மென்பொருளைப் புதுப்பியுங்கள் என்று நான் ஏற்கெனவே செய்த மூன்றையும் சொன்னது. மனிதர் வர முக்கால் மணி நேரம். அவர் கேட்டது, பொருள் இப்போது எந்த நாட்டில் இருக்கிறது? இந்தியா என்றேன். அப்படியானால் இந்திய அலுவலகம்தான் பார்க்க வேண்டும் என்றார். அவர்கள் உங்களைப் பார்க்கச் சொன்னார்கள் என்றேன். திரும்ப அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்வீர்களா என்றும் கேட்டேன். விவரம் பார்த்துச் சொல்கிறேன் என்று போனார். இரண்டு நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. புகார் தீர்க்கப்பட்டது என்று தலைப்பு. உள்ளே, இந்த மாடலுக்கு இப்போது சேவை இல்லை என்று ஒரு வரி, புது மாடல் வாங்கினால் தள்ளுபடி என்று நாலு வரி.

எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். சேவை இல்லை என்பது அவர்களுக்கு முதல் நாளே தெரியும். அதை முதல் அழைப்பிலேயே சொல்லியிருந்தால் எனக்கு நாலு நாள் மிச்சம். விடுமுறையில் வந்தவனுக்கு நாலு நாள் என்பது என்ன என்று வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதினாறு வருஷப் பொருளை ரிப்பேர் செய்ய மாட்டோம் என்று ஒரு கம்பெனி சொல்வதில் தப்பில்லை. பாகங்கள் தீரும், ஆட்கள் மாறுவார்கள், அது எனக்கும் புரியும். ஆனால் அதற்கும் நேர்மையாக ஒரு வழி உண்டு. நின்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோல் 1983இல் வந்தது. தயாரிப்பை 2003இல்தான் நிறுத்தினார்கள். ஜப்பானில் அதற்கு ரிப்பேர் 2007 அக்டோபர் வரை நடந்தது. பாகங்கள் கிடைக்கவில்லை என்று வெளிப்படையாக அறிவித்து முடித்தார்கள். 2000இல் வந்த பிளேஸ்டேஷன் 2க்கும் ஜப்பானில் 2018 ஆகஸ்ட் வரை சேவை இருந்தது. அதற்கும் தேதி சொன்னார்கள். எக்ஸ்பாக்ஸ் 360 கூட்டம் கூட்டமாகச் செத்து சிவப்பு விளக்கு காட்டியபோது மைக்ரோசாஃப்ட் 2007 ஜூலையில் அந்தக் கோளாறுக்கு வாரண்டியை மூன்று வருஷமாக நீட்டி, நூறு கோடி டாலருக்கு மேல் அதற்காக ஒதுக்கியது. மனது வைத்தால் செய்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு தடவை இந்திய எண்ணுக்கே அழைத்தேன். இந்த முறை எடுத்தது ஓர் இளம்பெண். நடந்ததை முழுக்கக் கேட்டார். அவரும் எழுதி வைத்ததைத்தான் படித்தார். ஆனால் படித்து முடித்துவிட்டு, குரலைத் தணித்து, "சார், நீங்க தமிழா?" என்றார். ஆமாம் என்றேன். "இங்க ஒண்ணும் நடக்காது சார். ரிச்சி ஸ்ட்ரீட்ல லென்ஸ் மாத்துவாங்க, அங்க குடுத்துப் பாருங்க." அவ்வளவுதான், உடனே ஆங்கிலத்துக்குத் திரும்பி, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். இத்தனை நாளில் எனக்குக் கிடைத்த ஒரே உண்மையான உதவி அந்த ஒரு வரி. அதை அவர் ரகசியமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் எழும்பூர் போய் இறங்கினேன். துண்டில் சுற்றிய பெட்டி மடியில். ட்ரான்ஸ்ஃபார்மர் காலடியில். ரிச்சி தெரு அண்ணா சாலைக்குப் பக்கத்தில், சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டி இருக்கிறது. ரிச்சி தெரு என்று சொன்னாலும் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சுற்றியுள்ள தெருக்களும் சேர்ந்ததுதான் அந்த எலெக்ட்ரானிக்ஸ் சந்தை. கடைகள் பத்தரைக்கு மேல்தான் முழுசாகத் திறந்தன. முதல் கடையில் பார்த்தவுடனேயே "இது பழசு சார்" என்று கைவிரித்தார்கள். இரண்டாவது கடையில் டிரைவையே மொத்தமாக மாற்றித் தருகிறேன், நாலாயிரம் என்றார்கள். நான் கொஞ்சம் படித்து வைத்திருந்ததால் வேண்டாம் என்று வந்துவிட்டேன். இந்தக் காலத்துக் கன்சோல்கள் பலவற்றில் டிஸ்க் டிரைவின் போர்டும் மதர்போர்டும் ஜோடி சேர்க்கப்பட்டவை. வேறு பெட்டியின் டிரைவை அப்படியே தூக்கி வைத்தால் கேம் டிஸ்க்கை ஏற்காது. திருட்டு டிஸ்க்கைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்கிறார்கள். ஆனால் காசு கொடுத்து டிஸ்க் வாங்கியவனின் பெட்டி பழுதானாலும் இதே பூட்டுதான் குறுக்கே நிற்கிறது.

மூன்றாவது கடை மாடியில். படிக்கட்டில் ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாது. கடை என்பதே ஒரு மேஜை, ஒரு பூதக்கண்ணாடி விளக்கு, சுவர் முழுக்கத் திறந்துபோட்ட பழைய கன்சோல்கள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். சால்டரிங் புகை வாசனை சட்டையில் ஏறும் அளவுக்கு இருந்தது. பெட்டியை வாங்கி டிஸ்க்கைப் போட்டுக் காதை அதன் மேல் வைத்துக் கேட்டார். "மோட்டார் நல்லா இருக்கு. லென்ஸ் வீக்கு. போர்டைத் தொடக் கூடாது சார், கண்ணை மட்டும் மாத்தணும்." நான் படித்த நாலு பக்கமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

என் முன்னாலேயே திறந்தார். நடுவில் துளை உள்ள நட்சத்திரத் திருப்புளி வேண்டும் இதற்கு, சாதாரணமானது இறங்காது. மூடியை எடுத்ததும் ஒரு விரல் தடிமனுக்குப் பஞ்சு மாதிரி தூசி. காற்றாடிக்குக் கீழே இரண்டு பல்லி முட்டை ஓடு, வெள்ளையாக, உடையாமல். பிரஷ்ஷால் பொறுமையாகத் தள்ளி எடுத்தார். சிப்பின் மேல் வெப்பத்தைக் கடத்தத் தடவியிருக்கும் பேஸ்ட் விபூதி மாதிரி காய்ந்து உதிர்ந்தது. அதை ஸ்பிரிட்டில் துடைத்துப் புதிதாகத் தடவினார். அலமாரியிலிருந்து அதே மாடல் செத்த பெட்டி ஒன்றை எடுத்து, அதன் லென்ஸைக் கழற்றினார். புதுசு கிடைக்காதா என்று கேட்டேன். "கம்பெனி வெளில குடுக்கறதில்ல. சைனாலேர்ந்து வருது, ஆனா பாதி நாலு மாசத்துல போயிடும். பழைய செட்டுலேர்ந்து எடுத்தாதான் எனக்கு நம்பிக்கை." என் டிரைவின் பழைய போர்டை அப்படியே வைத்துக்கொண்டு, காகிதம் போல மெல்லிய அந்தப் பட்டை கேபிளை நகத்தால் தள்ளிச் செருகினார். ஒன்றேகால் மணி நேரம். பேட்டரியும் மாற்றி மொத்தம் ரூ.2,700. டிஸ்க்கைப் போட்டதும் ஒரே ஒரு டிக். ஓடியது.

இவ்வளவு வேலை தெரிந்த மனிதருக்குக் கம்பெனி ஒரு லென்ஸ்கூட விற்பதில்லை, ஒரு கையேடும் தருவதில்லை. தான் செய்யாது. சரி. செய்கிறவருக்காவது பாகத்தையும் விவரத்தையும் கொடு என்றுதான் கேட்கிறேன். சட்டமும் இதில் துணைக்கு வரவில்லை. நான் குடியிருக்கும் கலிஃபோர்னியாவில் ரிப்பேர் உரிமைச் சட்டம் 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. நூறு டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள மின்னணுப் பொருள்களுக்கு ஏழு வருஷம் பாகமும் கையேடும் தர வேண்டும் என்கிறது. ஆனால் வீடியோ கேம் கன்சோல்களுக்கு அதில் விலக்கு. அதே நாளில் நடைமுறைக்கு வந்த மினசோட்டா சட்டத்திலும் விலக்கு. 2021இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் பரிந்துரைப்படி, பழுதான டிஸ்க் டிரைவை மாற்றுவதற்காகப் பூட்டை உடைக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. உடைக்கும் கருவியை இன்னொருவருக்குக் கொடுக்க அனுமதி இல்லை. அப்படியானால் எத்தனை பேரால் உடைக்க முடியும்? இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை ரிப்பேர் உரிமைக்காக 2022 ஜூலையில் குழு போட்டு, டிசம்பரில் இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவி, செல்ஃபோன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நாலு பிரிவு வைத்தார்கள். கன்சோல் என்று பெயர் சொல்லி எதுவும் இல்லை.

இங்கே வாங்கிய, வாரண்டி உள்ள பொருளாக இருந்து இப்படி அலைக்கழித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள். வெளிநாட்டில் வாங்கியதற்கு அது உதவாது. ஊருக்குக் கன்சோல் கொண்டுபோகிறவர்கள் சீரியல் நம்பரை முதல் நாளே ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், காகிதம் வெளுத்துவிடும். டிஸ்க் படிக்கவில்லை என்றால் டிரைவை மொத்தமாக மாற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள், பழைய போர்டு கட்டாயம் இருக்க வேண்டும். சிப்பை ஹீட் கன்னால் சுட்டுச் சரிசெய்கிறேன் என்பவரிடமும் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் சீக்கிரமே திரும்ப நின்றுவிடும்.

பாய் பில் எதுவும் தரவில்லை. "ஒரு மாசம் பாருங்க, போச்சுன்னா கொண்டாங்க" என்றார். மூன்று மாதம் ஆகிறது, ஓடிக்கொண்டிருக்கிறது. விளையாடி முடித்ததும் அம்மா அதன் மேல் ஓர் எம்ப்ராய்டரித் துணியைப் போட்டு மூடுவது வழக்கம். சூடு உள்ளேயே நின்றுவிடுகிறது, உடனே மூட வேண்டாம் என்று பாய் சொன்னதைச் சொன்னேன். இப்போது அம்மா காற்றாடிச் சத்தம் நிற்கிற வரை துணியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள் என்று தம்பி மகள் சொன்னாள்.